என் லேப்டாப்பில் குடியேறிய நகரிக் குடும்பம்

புதிதாக வாங்கிய பொருளோடு வரும் கையேட்டைப் படிக்காமல் நாசமாய்ப் போனவர்களின் கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து நாசமாய்ப் போனவன். படித்ததோடு நிறுத்தாமல் அதில் உள்ளதை வீட்டில் எல்லோருக்கும் விளக்கவும் செய்தேன்.

அப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஒரு லேப்டாப்பும், சட்டைப் பைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றும் வாங்கினேன். கனகம்மாசத்திரத்தில் எங்கள் தெருவிலேயே முதல் டிஜிட்டல் கேமரா அதுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன் (எதிர்வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததாம். பாவம், அவர் வாயைத் திறக்கவில்லை). கேமராவோடு ஒரு சி.டி. வந்தது. அதிலிருந்த மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். அதன் உள்ளே ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டம். அதில் டிக் அடித்துவிட்டால், வயரைச் சொருகியதும் படமெல்லாம் தானாக லேப்டாப்புக்கு வந்துவிடும். வந்து முடிந்ததும் கேமராவில் இருப்பது அழிந்துவிடும். கேமரா எப்போதும் காலியாக, அடுத்த படத்துக்குத் தயாராக இருக்கும். பயந்தாங்கொள்ளிகள்தான் இதை டிக் செய்யாமல் விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அழுத்தமாக டிக் அடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகன் தணிகைவேலுக்குத் திருத்தணி மலையில் மொட்டை போட நாள் குறித்தார்கள். ஏதேதோ காரணத்தால் தள்ளித் தள்ளிப் போனதில் பையனுக்கு முடி தோளைத் தாண்டி வளர்ந்திருந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் மொட்டைக்கு முன்னால் ஆண்பிள்ளைக்கும் தலை வாரிப் பின்னி, பூச்சடை தைத்து, பட்டுப்பாவாடை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, பெண் வேஷத்தில் ஒரு போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோதான் பிற்காலத்தில் அவனுடைய கல்யாணம் வரை அவனை மிரட்டுவதற்கு ஆயுதம். அக்காவுக்கு அந்தப் படத்தின் மேல் கொள்ளை ஆசை. தான் சின்ன வயதில் கட்டிய பாவாடையைப் பிரித்து அவன் அளவுக்குத் தைத்து வைத்திருந்தாள்.

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரரை மலைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் விடவில்லை. இந்தக் காலத்தில் போய் ஸ்டுடியோவா, நான் எடுக்கிறேன், எடுத்த கையோடு மலையிலேயே லேப்டாப்பில் பெரிதாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று அரை மணி நேரம் பேசி, ஸ்டுடியோக்காரரை வர வேண்டாம் என்று பாவாவையே சொல்ல வைத்தேன். பாவா கடைசியாக ஒன்றே ஒன்று சொன்னார்.

"பாத்துக்கோ மச்சான். தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். முடிய எடுத்துட்டா ஒட்ட வைக்க முடியாது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.

விசேஷத்தன்று காலை, சார்ஜ் ஏறிய பேட்டரி, மெமரி கார்டு, கேமரா, வயர் எல்லாவற்றையும் தனித்தனியாக ஒரு தட்டில் பரப்பி, அம்மாவிடம் முருகன் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். புதுப் பொருளைச் சாமி முன்னால் வைக்காமல் எடுத்துப்போனால் அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாள். அவள் பொட்டு வைப்பதில் பாரபட்சமே பார்க்காதவள். ஆயுதபூஜை வந்தால் கிரைண்டர், கேஸ் சிலிண்டர், நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். அன்றைக்கும் தட்டில் இருந்த ஒவ்வொன்றுக்கும் வஞ்சனை இல்லாமல் வைத்திருக்கிறாள். நான் அவசரத்தில் கேமராவின் கண்ணில் இருந்த பொட்டை மட்டும் துடைத்துவிட்டு, பேட்டரியையும் கார்டையும் பார்க்காமல் உள்ளே தள்ளி மூடினேன். வேனில் ஏறும்போது தோளில் லேப்டாப் பை, கையில் ஜங்ஷன் பாக்ஸ். மலையில் எங்கே கரண்ட் இழுக்கப் போகிறாய் என்று நைனா கேட்டதற்கு, எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்றேன்.

மலைமேல் மொட்டை போடும் மண்டபத்துக்குப் பக்கத்தில் அக்கா பையனை உட்காரவைத்துப் பின்னினாள். அவன் அழ, அவள் கொஞ்ச, நடுவில் ஒரு லட்டு போக, ஒருவழியாகப் பூச்சடை முடிந்தது. உண்மையிலேயே அம்சமாக இருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் கூட்டத்தை விலக்கி, ஒரு காலை மடித்து முட்டி போட்டு, கேமராவைத் தூக்கி பட்டனை அழுத்தினேன்.

கேமரா கண்ணைத் திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். கையேட்டில் சொன்னபடி அழுத்திப் பிடித்தேன். கையேட்டில் சொல்லாதபடி தட்டினேன். பிறகு பேட்டரிக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து கமகமவென்று சந்தன வாசனை வந்தது. பேட்டரியில் தங்க நிறத்தில் பட்டை பட்டையாக ஒரு இடம் இருக்குமே, அதன் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும், அதுதான் பேட்டரியின் நெற்றி என்று அம்மா நினைத்திருக்கிறாள். நான் தள்ளிய வேகத்தில் ஈரச் சந்தனம் உள்ளே போய் அப்பி, காய்ந்து, கல்லாகியிருந்தது. கார்டிலும் அப்படியே. வேட்டி நுனியால் துடைத்தேன், ஊதினேன், அக்காவின் ஹேர்பின்னை வாங்கிச் சுரண்டினேன். குங்குமம் கொட்டியதே தவிரக் கேமரா எழுந்திருக்கவில்லை.

அதற்குள் மண்டபத்தில் எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முடி எடுக்கிறவர் எட்டிப் பார்த்து, "பின்னாடி அவ்ளோ பேரு நின்னுகினு கீறாங்க, வர்றீங்களா இல்லியா," என்றார். பாவா என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் பையனின் பின்னலை எடுத்து முன்பக்கம் போட்டுத் தடவிக்கொடுத்தபடி, "பரவால்ல தம்பி, நான் கண்ணால பாத்துட்டேன் இல்ல," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

அப்போது பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஒரு பையன் வந்தான். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிப் பக்கமிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைக்கு மொட்டை, கூடவே அவனுக்கும் வேண்டுதல். "நான் ஒண்ணு எடுக்கட்டுமா அண்ணா," என்றான். முருகனே கேமராவோடு வந்தது போல அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கார்டை அவன் கேமராவில் போடலாம் என்றால், அவன் கேமராவுக்கு வேறு தினுசுக் கார்டு. சரி, உன் கேமராவிலேயே எடு, நான் லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றேன். எடுத்தான். தணிகைவேல் சரியாக அந்த ஒரு நொடியில் அழுகையை நிறுத்தி, ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

இனி என் ராஜ்ஜியம். அங்கேயே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். என் வயர் அவன் கேமராவின் துளையில் அளவெடுத்தது போலப் பொருந்தியது. அவன் கொஞ்சம் பயந்தான்.

"பாத்து அண்ணா. இது என்னுது இல்ல, எங்க பாவாது. பெங்களூர்லேந்து எடுத்தாந்தாரு. உன்ன நம்பித்தான் குடுக்கிறேன்னு சொல்லி என் கழுத்துல மாட்டி வுட்டாரு."

நீயும் என்னைப் போல ஒரு பெண்டாட்டி தம்பிதானா, கவலையே படாதே, எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்றேன். பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்தது. கடைசியாக அக்கா மகனின் படம் திரையில் வந்ததும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "டிங்" என்று ஒரு சத்தம். ஏதோ ஒரு பெட்டியில் ஏதோ எழுதி வந்தது. யார் படிப்பது, மூடினேன். வயரைப் பிடுங்கினேன். அவனை அவன் வீட்டார் கூப்பிட்டார்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினான். பேர்கூடக் கேட்கவில்லை.

நான் தாய்மாமன். தணிகைவேலை மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டார்கள். எனக்கு வேலை கிடைத்ததற்கு அம்மா வேண்டிக்கொண்டிருந்ததால் அடுத்த மொட்டை எனக்கு. இரண்டு பேரும் தலையில் சந்தனத்தோடு வெளியே வந்தோம். எல்லோரும் சுற்றி உட்கார, நான் பெருமையாக லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் படத்தில் யாரோ ஒரு தாத்தா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததில் பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு பெண் வேன் ஜன்னலில். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், ஒரு நிச்சயதார்த்தம், அன்றைக்குக் காலை அவர்கள் வீட்டுக் குழந்தைக்குப் பூச்சடை தைத்த படம், எல்லாம். "இன்னா மச்சான், யாரு இவங்க," என்றார் பாவா. அப்போதுதான் எனக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. அழுத்தமாக டிக் அடித்த கட்டம். மூடிய பெட்டியில் என்ன எழுதியிருக்கும் என்பதும் படிக்காமலே புரிந்தது. அவர்கள் கேமராவில் இனி ஒரு படமும் இல்லை.

லேப்டாப்பைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். மலையில் அன்றைக்கு நல்ல கூட்டம். திரும்பின பக்கமெல்லாம் மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம். என் லேப்டாப்பிலோ எல்லோரும் முடியோடு இருக்கிறார்கள். ஒவ்வொரு மொட்டையாக நிறுத்தி, திரையைக் காட்டி, இது நீங்களா என்று கேட்டேன். ஒருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நான் இல்லப்பா, எனக்கு இவ்ளோ முடி எப்பவுமே இருந்தது இல்ல," என்றார். பின்னாலேயே வந்த அம்மா ஒரு பச்சைப் பட்டுப்புடவையைப் பிடித்தே விட்டாள். அந்த அம்மாள் அரக்கோணமாம். அந்தப் பையன் எதிரில் வந்திருந்தாலும் அவனுக்கு என்னையோ எனக்கு அவனையோ தெரிந்திருக்காது. இரண்டு பேர் தலையிலும்தான் முடி இல்லையே. வண்டி நிறுத்தும் இடத்தில் விசாரித்தால், நகரி வேன் கீழே இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது என்றார்கள்.

பிறகு நகரிக்கே இரண்டு மூன்று முறை போய், ஸ்டுடியோக்களிலும் டீக்கடைகளிலும் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறேன். நகரிப் பக்கம் என்றால் அதைச் சுற்றி எத்தனையோ ஊர். யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் படங்கள் எல்லாம் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. லேப்டாப் போய், வேறு லேப்டாப் வந்து, பென் டிரைவுக்கு மாறி, இப்போது அக்காவின் போனில் இருக்கின்றன. அம்மாவுக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். அந்தத் தாத்தா இன்னும் இருக்கிறாரோ என்னவோ என்பாள். பச்சைப் பட்டுக்காரி முழுகாமல் இருந்த மாதிரி இருந்ததே, என்ன குழந்தை பிறந்ததோ என்பாள். மலைக்குப் போகும்போதெல்லாம் பிரிண்டு போட்ட நாலு படங்கள் அவள் பையில் இருக்கும். அத்தனை படத்திலும் ஒருவன் மட்டும் கிடையாது. எல்லாவற்றையும் எடுத்தவன் அவன்தானே. அவன் முகம் அன்றைக்கு மலையில் பார்த்ததோடு சரி.

தணிகைவேல் இப்போது காலேஜ் படிக்கிறான். அந்த நகரிப் பையன் எடுத்துத் தந்த பூச்சடைப் படம் அம்மையார்குப்பம் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அதற்கு நேர் கீழேதான் எனக்கு இலை போடுவார்கள். அக்கா இரண்டாவது முறை சாதம் போட வந்து, நான் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தால், பாவா விடமாட்டார்.

"நல்லா வை அவனுக்கு. நகரியில இவன மாதிரியே ஒரு மச்சான், அவுங்க பாவா வூட்டுல இன்னும் சோறு இல்லாம குந்திகினு கீறான். அவன் பங்கையும் இவனே துன்னட்டும்."