ஆத்தாளுக்குப் பிடித்த பாலிசி

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மண்டிக் கூட்டத்தைவிட அங்கே கூட்டம் அதிகம். டிராக்டரில் வந்து இறங்குகிறார்கள். மொரப்பூரில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வருகிறார்கள். என்ன விசேஷம்? உள்ளே பூச்சாமியார் இருக்கிறார்! கல்யாணம் கூடுமா, கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டால் அவர் வாயே திறக்கமாட்டார். ஆத்தாளிடம் பூக் கேட்டு வாக்குச் சொல்வது ஒரே விஷயத்துக்குத்தான்: நோய் நொடிக்குக் கவர்மெண்டு காப்பீட்டு அட்டை நல்லதா, பிரைவேட் பாலிசி நல்லதா? ஆத்தாள் இன்சூரன்ஸ் படித்துவிட்டு வந்திருக்கிறாள் போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் ஊரே இரண்டு கட்சியாகக் கிடந்தது. "கவர்மெண்டு அட்டைன்னா பைசா கட்ட வேண்டியதில்ல" என்பார் ஒருவர். "பிரைவேட்டுன்னா தனி ரூமு, ஏசி" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் விசாரிக்க மூளை வேண்டுமே! பூக் கேட்க, வரிசையில் நிற்கக் கால் இருந்தால் போதும்.

சென்றாயனுக்குக் கால் நன்றாகவே இருந்தது. விடிந்ததும் மனைவி காவேரியை இழுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டான். அவளுக்கு இருதய வால்வில் பழுது. நாலு எட்டு நடந்தால் மூச்சு இளைக்கும். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, கவர்மெண்டு அட்டையிலேயே ஆபரேஷன் செய்கிறோம், வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டது. போக வேண்டியதுதானே? சென்றாயனுக்குப் பயம். சும்மா செய்கிற ஆபரேஷன் என்ன லட்சணத்தில் இருக்குமோ என்று பயம். காவேரி இல்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அன்பு இருந்தது, பாவம், விவரம்தான் இல்லை.

"ஏனுங்க, டாக்டருக்குத் தெரியாததா இந்தப் பூவுக்குத் தெரிஞ்சிரப் போவுது?"

"பேசாத நில்லு புள்ள. பேசினா இளைக்கும்."

"நெஞ்சுலதான் பழுது. வாயி நல்லாத்தான் இருக்குது."

வேடிக்கை பார்க்க வந்த மண்டி வியாபாரி தஸ்தகீர் பக்கத்தில் நின்றார். "சென்றாயண்ணே, நான் பிரைவேட்டுதான் வெச்சிருக்கேன். போன வருசம் காலு முறிஞ்சப்ப நல்லாவே குடுத்தாங்க. ஆனா ஏற்கெனவே இருக்கற நோவுக்கு இன்னிக்குப் பாலிசி போட்டா உடனே தர மாட்டாங்க. வருசக்கணக்குல காத்திருக்கணும். அதுவரைக்கும் தங்கச்சிக்குத் தாங்குமா?"

"ஆத்தா சொன்னா தருவாங்க" என்றான் சென்றாயன். ஆத்தாள்தான் கம்பெனிக்கு மேனேஜர் என்று நினைத்துவிட்டான்!

கொட்டகைக்குள் ஒரே புகை. நடுவில் அக்கினிக் குண்டம். சாமியார் பக்கத்தில் ஒரு கூடை நிறைய இலைப் பொட்டலங்கள். வெள்ளைப் பூ வந்தால் பிரைவேட், சிவப்பு வந்தால் கவர்மெண்டு. சாமியார் இரண்டு பொட்டலம் எடுத்து வைப்பார், வந்தவர் ஒன்றைத் தொட வேண்டும். அதைப் பிரித்துக் காட்டுவார். தொடாத பொட்டலம் அப்படியே குண்டத்துக்குள் போய்விடும். "ஆத்தா வேண்டாம்னதப் பிரிச்சா குத்தம்!" வெள்ளை வந்தவர்கள் கவர்மெண்டு அட்டையையும் குண்டத்தில் போட்டுத் தோஷம் கழித்துவிட்டு, பின்பக்கம் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாலிசி ஏஜெண்டு அருள்குமாரிடம் போக வேண்டும். காலையிலிருந்து எல்லோருக்கும் வெள்ளைதான். ஆத்தாளுக்கும் மாதாந்தர டார்கெட் உண்டோ என்னவோ.

சென்றாயன் அட்டையைக் கையில் எடுத்து, குண்டத்தருகே தயாராகவே நின்றான்.

காவேரி கும்பிட்டாள். "சாமி, நான் இண்டூருங்க. எங்கூர்ல பூக் கேக்கறவங்கதான் எந்த நெறம் எதுக்குன்னு சொல்லுவாங்க. பூசாரி சொல்ல மாட்டாருங்க."

"ஆமாங்க சாமி, அதான் மொறை" என்று பின்னாலிருந்த பெண்களும் சொன்னார்கள். சாமியார் எந்த ஊரோ, இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது.

"அப்ப எனக்கு வெள்ளை வந்தா கவர்மெண்டு, செவப்பு வந்தா பிரைவேட்டுங்க."

கூடைக்குள் போன சாமியாரின் கை அங்கேயே நின்றது.

"நெறத்த மாத்துனா ஆத்தா கோவிச்சுக்குவா!"

"ஒலகத்தையே பாத்துக்கறவ, ரெண்டு நெறம் மாறுனா கொழம்பிருவாளா சாமி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல் சாமியார் இரண்டு பொட்டலம் வைத்தார். காவேரி ஒன்றைத் தொட்டாள். வெள்ளை.

"செல்லாது! ஆத்தா வெளையாடறா. மறுபடி எடு!"

எடுத்தாள். வெள்ளை.

"செவப்பு எங்கீங்க சாமி? இன்னிக்கு லீவா?" என்றவள், அவர் பாய்வதற்குள் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். எல்லாம் நந்தியாவட்டை! மருந்துக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை.

சென்றாயன் அட்டையை வெடுக்கென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். "உன்னைய நானே குழியில தள்ளப் பாத்தேனே, காவேரி!" என்று நாலு பேர் பார்க்க அழுதுவிட்டான்.

"அட, விடுங்க. மொதல்ல அவனுங்களப் புடிங்க!"

அருள்குமாரின் பைக் அதற்குள் கிளம்பியிருந்தது. காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிய சாமியார், மண்டி வாசலில் அழுகிக் கிடந்த தக்காளியில் வழுக்கி, கையை மடக்கி விழுந்தார். "ஐயோ, என் கை! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க! கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கே போலாம், பையில என் காப்பீட்டு அட்டை இருக்குது!"

அடேங்கப்பா! இதற்கு ஆத்தாளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அட்டையை எரித்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். "எரிஞ்சது அட்டைதான். ஆபீசுல பேரு இருக்கும், போயி வேற கேளுங்க" என்று தஸ்தகீர் தேற்றி அனுப்பினார்.

வியாழக்கிழமை காவேரிக்கு ஆபரேஷன் முடிந்தது. சில மாதம் ஓய்வெடுத்தாள். இப்போது ஒரு கூடைத் தக்காளியை அவளே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டிக்கு நடக்கிறாள், வாய் ஓயாமல்.

கவர்மெண்டோ, பிரைவேட்டோ, உங்கள் உடம்புக்கு எது பொருந்துமோ அதைக் கேட்டு விசாரித்து வையுங்கள். கால் கிலோ தக்காளியைப் புரட்டிப் புரட்டி, சொத்தை பார்த்து வாங்குகிற மகாஜனங்களே, உயிரை மட்டும் ஏன் பொட்டலத்தைப் பிரிக்காமலே வாங்குகிறீர்கள்?