நான் கையெழுத்து நிபுணராக இருந்த காலம்

முட்டாளாக இருக்கப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து, அடுத்தவன் வேலைக்கே உலை வைக்கும் அளவுக்கு முட்டாளாக இருக்க ஒரு சான்றிதழாவது வேண்டும். என்னிடம் இருந்தது. லேமினேஷன்கூடச் செய்து வைத்திருந்தேன்.

அப்போது இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் ஜூனியர் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் வீடியோ பார்த்தே கையெழுத்துத் தடயவியல் படித்து முடித்திருந்தேன். (தேர்வில் தப்பாகப் பதில் சொன்னால் திரையே சரியான பதிலைக் காட்டி மறுபடி கேட்கும். அதில் நான் முதல் வகுப்பு.) விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கி, சட்டைப் பையில் எல்லாருக்கும் தெரியும்படி சொருகிக்கொண்டு திரிந்தேன். கேண்டீன் பலகையில் மெனு எழுதியவருக்குத் தாழ்வு மனப்பான்மை என்று சத்தமாக அறிவித்தேன். அன்று அவர் என் தட்டில் மட்டும் பொரியல் வைக்கவில்லை. அதையும் தாழ்வு மனப்பான்மைக்கு இன்னொரு ஆதாரமாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட மேதையிடம்தான் தயாளன் வந்து மாட்டினார்.

தயாளன் மண்ணூர்க்காரர், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர். ஒரு நாள் ஷிப்டின் நடுவில், மனைவிக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. சூப்பர்வைசர் மாணிக்கத்திடம் கேட் பாஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் போன பிறகு ஆள் இல்லாமல் லைன் நின்றது. மேலிடம் மாணிக்கத்தைக் கேள்வி கேட்டது. மாணிக்கம் கூசாமல், "நான் அவன அனுப்பவே இல்ல சார். அது என் கையெழுத்தும் இல்ல" என்று சொல்லிவிட்டார். கள்ளக் கையெழுத்துப் போட்டதாகத் தயாளனை சஸ்பெண்ட் செய்தார்கள். பெண் குழந்தை பிறந்த அதே வாரத்தில்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீதான் ஏதோ கோர்ஸ் படிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறியே, இதைப் பாரு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது நியமன உத்தரவாகக் கேட்டது.

தயாளன் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், சூப்பர்வைசரு தான் போட்டாரு. பிரஸ் மெஷின் மேல வெச்சி போட்டாரு. மெஷின் ஓடிக்கினு இருந்துச்சி சார். வேணும்னா போயி பாருங்க."

"தயாளன், கதை வேண்டாம். கோடு பேசும்" என்றேன். (இந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.)

அவர் சொன்ன மெஷின் என் அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. மாணிக்கம் மேஜையில் சாவகாசமாகப் போட்ட பழைய கையெழுத்துகளை வரவழைத்து, கேட் பாஸோடு ஒப்பிட்டேன். கேட் பாஸில் கோடு நடுங்கியிருந்தது, நடுவில் விட்டு விட்டுப் போயிருந்தது, முடிவில் சுழிப்பே இல்லை. பார்த்து வரைந்த போலிக்கு இவையெல்லாம் அடையாளம் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எதன் மேல் வைத்து எழுதுகிறோமோ அதற்கேற்பக் கோடு மாறும் என்றும் ஒரு வகுப்பு இருந்ததாம். அந்த வகுப்பில் நான் தூங்கிவிட்டேன். "இது சந்தேகத்துக்கு இடமில்லாத போலி" என்று அறிக்கை எழுதி, கீழே என் பெயருக்கு முன்னால் "நிபுணர்" என்று நானே போட்டுக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்திருந்தார். தயாளனுக்குத் துணையாகப் பேச ஒரு சக தொழிலாளி வரலாம் என்பது விதி. வந்தவள் கலைவாணி. பென்னலூர்ப் பெண், தரச் சோதனையில் வேலை. நானும் அவளும் ஒரே கம்பெனி பஸ். அவள் அடிக்கடி என்னைப் பார்ப்பதை அதுவரை நான் ரசனை என்று நினைத்திருந்தேன்.

நான் பூதக்கண்ணாடியை ஆட்டி ஆட்டி உரையாற்றி முடித்தேன். கலைவாணி எழுந்தாள்.

"சார், ஒரு சின்ன டெஸ்ட் வெக்கலாமா? இதுல நாலு கையெழுத்து கீது. எல்லாம் இவரு பேருலதான். எது இவரு போட்டது, எது இல்லன்னு சொல்லட்டும்."

கையெழுத்து மட்டும் தெரியும்படி மடித்த காகிதங்களை வைத்தாள். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை யாரோ படம் எடுத்திருந்தால், இன்று காசு கொடுத்தாவது அழித்திருப்பேன்.) விளக்கைப் போட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்று என்னுடையவை. கடைசிக் காகிதத்தை விரல் நுனியால் தள்ளினேன்.

"இது அப்பட்டமான போலி."

"நல்லா பாத்துட்டீங்களா?"

"பார்க்கவே வேண்டாம். கோடு நடுங்குது. கோழையின் கை இது. அதிகம் படிக்காதவன். பொய் சொல்லிப் பழகியவன்."

விசாரணை அதிகாரி குறித்துக்கொண்டார். கலைவாணி அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் தினமும் கையெழுத்துப் போடும் தாள்.

"நேத்து காலைல ஒரகடம் ரோட்டுப் பள்ளத்துல பஸ் குதிச்சிக்கினு போச்சே, அப்ப முட்டி மேல வெச்சி நீங்கதான் சார் போட்டீங்க. அடுத்த சீட்ல நான்தான் உக்காந்துகினு இருந்தேன். அந்த படிக்காத கோழை யாரு சார்?"

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள்கள் காட்டிக்கொடுத்தன. பிறகு, சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருந்த மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

"கடைசியாக் கேக்கறேன். மெஷின் மேல வெச்சு நீங்க போட்டதா?"

மாணிக்கத்துக்கு வியர்த்துவிட்டது. "போட்டிருக்கலாம் சார்... அன்னிக்கி ஒரே டென்ஷன்."

தயாளன் மறுநாளே வேலைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா சார், உங்க கோடு இன்னா பேசிச்சி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டு மெஷினுக்குப் போனார். என்னைச் சீருடையும் பாதுகாப்பு ஷூவும் கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். பூதக்கண்ணாடி ஷூ சைஸ் படிக்க உதவியது.

பஸ்ஸில் கலைவாணியின் கண்ணில் படாமல் இருக்கக் கடைசி சீட்டுக்குப் போனேன். ஒரு நாள் அவளே அங்கே வந்து உட்கார்ந்து, ஷூ கடிக்கிறது, மாற்றிக் கொடு என்றாள். அப்படி ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், ஒரு நாள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"எழுதிக் குடுங்க. ஆனா பஸ் நின்னப்புறம்."

கல்யாணத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளர் அலுவலகம் போனோம். சாட்சிகளில் ஒருவர் தயாளன். எல்லார் முன்னாலும் பேனாவைப் பிடித்ததும் என் கை உதறியது. கலைவாணி சார்பதிவாளரிடம் குனிந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்:

"சார், இவரு நாளைக்கி இது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லுவாரு. எதுக்கும் பெருவிரல் ரேகையும் வாங்கி வெச்சிக்கோங்க."

அது இன்றும் ஓய்ந்தபாடில்லை. வீட்டுக்குக் கூரியர் வந்தால் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடுவதில்லை. போன வாரம் மகள் மதிப்பெண் அட்டையோடு வந்தாள். நான் பேனாவைத் தேடினேன். அவள் மறு கையிலிருந்த நீல மை டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"பேனா வேணாம்ப்பா. அம்மா ரேகை வெக்க சொன்னாங்க."