கொத்து சார் பிரிக்க விடாத அறுபது

புதுக்கோட்டைச் சீமையில் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் ஹாஸ்டலில் வந்து மாட்டிக்கொண்டார்.

கல்லூரியில் அவர் கணக்கு லெக்சரர். ஹாஸ்டலின் மூலை அறையில் தங்கி எங்களை மேய்க்கும் பொறுப்பும் அவருடையது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கொத்து சார். காரணம், பூவரசங்கட்டையில் தச்சரிடம் சொல்லிச் செய்த ஒரு சாமான். உருண்டை மாதிரி இருக்கும், ஆனால் பன்னிரண்டு முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஐந்து மூலை. இருந்த இடத்தில் இருந்த மாதிரியே மறுபடி பொருந்தி உட்கார, அதை அறுபது விதமாகத் திருப்பலாமாம். சாப்பிடும்போதுகூட அது இலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

“நீ இங்கிட்டு நின்னு ஒரு திருப்புத் திருப்புற. அவன் அங்கிட்டு நின்னு அதே மாதிரி திருப்புறான். பாக்குற எடம்தான் வேற, திருப்பு ஒரே ரகம். அந்த ரகம் பூராவும் ஒரு கொத்து” என்பார்.

இப்படி அறுபது திருப்பும் ஐந்து கொத்தாக விழும். இருபது, பதினைந்து, பன்னிரண்டு, இன்னொரு பன்னிரண்டு. திருப்பாமல் சும்மா விடுவதும் ஒரு திருப்பாம், அது ஒண்டிக்கட்டை, தனிக்கொத்து. கொத்துகளின் அளவு தெரிந்தால் கூட்டத்தின் குணம் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

“கூட்டத்துக்குள்ளேருந்து ஒரு பகுதியை ஒழுங்காப் பிரிக்கணும்னா மூணு விதி. கொத்தை உடைக்கக் கூடாது. அந்த ஒண்ணு கட்டாயம் கூட வரணும். எடுத்த தொகை அறுபதை மீதியில்லாம வகுக்கணும். கூட்டிக் கூட்டிப் பாருங்க, வராது. இந்தக் கூட்டத்தைப் பிரிக்க எவனாலயும் முடியாது.”

ஒருமுறை விராலிமலையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். வெடிகுண்டுப் பயம் இருந்த காலம். ஏட்டு இவர் பையிலிருந்து கட்டையை எடுத்து, “என்னங்க இது?” என்றார். விளையாட்டுச் சாமான் என்றால் விட்டிருப்பார். இவர், “அறுபது திருப்புங்க” என்றார்.

“எதுக்குத் திருப்பணும்?”

“திருப்பிட்டு, திருப்பாத மாதிரியே இருக்கான்னு பாருங்க.”

சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். ஏட்டுக்கு மூன்று விதிகளையும் இவர் விளக்க ஆரம்பித்த பிறகுதான் விட்டார்களாம். ஏட்டே பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த வருஷம் ஹாஸ்டலில் ஜூனியர் இண்டர் இருபது பேர், சீனியர் இண்டர் பதினைந்து, பி.ஏ. முதல் வருஷமும் கடைசி வருஷமும் பன்னிரண்டு பன்னிரண்டு. மூலை அறையில் சார் ஒருவர். இதைக் கூட்டிப் பார்த்த அன்று அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி நம் ஹாஸ்டலை யாராலும் பிரிக்க முடியாது என்று அறிவித்தார்.

“சார், நாங்க திருப்பு இல்லையே, ஆளுங்களாச்சே” என்றேன் நான்.

“அது ஒங்க குறை” என்றார்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. பிப்ரவரியில் மெஸ்ஸில் புழுத்த அரிசி பொங்கிப் போட்டார்கள். சொல்லிப் பார்த்தோம், யாரும் காதில் வாங்கவில்லை. முதல்வர் பார்வையிட வருகிற அன்று, கடைசி வருஷ வீரையன் சோற்றுக் குண்டானை முற்றத்தில் கவிழ்த்துவிட்டான். ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயி மகன், வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

கவிழ்த்ததைப் பையன்கள் அல்லாத யாரும் பார்க்கவில்லை, ஒருவரைத் தவிர. தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தவர் கொத்து சார்.

முதல்வர் கொட்டிக் கிடந்த சோற்றைப் பார்த்தார். “சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பேரு வரணும். அவனுக்கு டி.சி.” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் வீரையன் புத்தகத்தையே தொடவில்லை. சாரிடம் போய், லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சினோம்.

“என்னையக் கேட்டா பாத்தேன்னுதானப்பா சொல்லணும்” என்றார் சார். கட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை முற்றத்தில் வகுப்பு வாரியாக வரிசை கட்டி நின்றோம். சார் தன் டிரங்குப் பெட்டியோடு வந்து ஓரமாக நின்றார்.

முதல்வர் நேராக அவரிடமே போனார். “யார் கவுத்ததுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேங்க.”

வீரையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“பேரு?”

“சொல்றதுக்கில்லீங்க. ஒருத்தனைத் தனியாப் பிரிக்க வழியில்லை.”

முதல்வர் முகம் சிவந்தது. சின்னப் பையன்களை மிரட்டினால் விஷயம் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். “சரி, ஜூனியர் இண்டர் இருபது பேரும் பெட்டியைக் கட்டுங்க. பேரு வந்தா திரும்பி வரலாம்” என்றார். முன்வரிசையில் ஒரு பையன் வாயைத் திறந்தே விட்டான். அதற்குள் சார் டிரங்கைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

“அந்த ஒண்ணும் கூடப் போகணுமுங்க. இருபத்தொண்ணு ஆச்சு. அறுபதை வகுக்காதுங்க.”

முதல்வரும் கணக்கில் எம்.ஏ. அதுதான் வினை. அவரையும் அறியாமல் உதடு அசைந்து வகுத்துப் பார்த்தது. “கடைசி வருஷம் போகட்டும்” என்றார். சார் டிரங்கோடு அங்கே போனார். “பதிமூணுங்க. வகுக்காது.” “பி.ஏ. ரெண்டு வருஷமும்.” “இருபத்தஞ்சுங்க.” வெயிலில் வேட்டி நனைய அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாக அவர் ஓடினார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்த பையன் எப்போதோ மூடிக்கொண்டான்.

“அப்ப எதுதான்யா போகும்?” என்று கத்தினார் முதல்வர்.

“முழுசா அறுபதும் போகலாமுங்க. இல்லாட்டி அந்த ஒண்ணு மட்டும் போகலாம். வேற எதுவும் விதிக்கு ஒத்து வராது.”

பரீட்சை நேரத்தில் ஹாஸ்டலையே மூட முடியாது. பார்த்துவிட்டுப் பெயர் சொல்லாதவரைச் சும்மா விடவும் முடியாது. முதல்வர் அந்த டிரங்கைப் பார்த்தார்.

“அந்த ஒண்ணு யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?” குரல் இறங்கியிருந்தது.

“தெரிஞ்சுதாங்க பெட்டியைக் கட்டினேன்.”

“சரி. ஒண்ணு போகட்டும்.”

“சரியான விடைங்க” என்றார் கொத்து சார், பேப்பர் திருத்துகிற குரலில்.

கேட்டுக்கு வெளியே வீரையன் ஓடிப்போய் அவர் வழியை மறித்தான். “சார், நான் போயி ஒத்துக்கிறேன். நீங்க வந்துருங்க.”

“கணக்கு முடிஞ்சுருச்சப்பா, அழிக்காத. போயி படி.”

பஸ் ஸ்டாண்டு வரை எல்லோரும் அவர் பின்னாலேயே நடந்தோம், டிரங்கை யார் தூக்குவது என்று சண்டை போட்டுக்கொண்டு. பஸ் கிளம்பிப் போனது. திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தோம். வெள்ளை வெளேரென்று நல்ல அரிசிச் சோறு போட்டார்கள். முதல் கவளத்தை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம், அந்த மனிதரை எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.