இருபத்து நான்கு பைகளின் பெரும்போர்

வகுத்தல் வல்லோன், மீதியை மிதித்தோன், காதில் பென்சில் செருகிய பெருந்தகை, புவெப்லா நகர்ச் சந்தொன்றின் எலெயுதேரியோ எனும் ஏந்தல் வாழ்க! அவ்வேந்தல் அடியேனே. பாட வேறு ஆள் கிடைக்காததால் நானே பாடிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் சந்துப் பிள்ளைகளுக்குப் பழமும் இனிப்பும் கட்டித் தரும் பொசாதா விழாவில், சென்ற ஆண்டு நாயகன் குத்துமதிப்பாகக் கட்டிய பைகளுள் ஒன்றில் கமலா ஆரஞ்சு குறைந்தது. குறைந்த பை, அவன் மகளின் ஞானத்தந்தையும் ஆகவே அவனுக்குக் கொம்பாத்ரேயுமான ஃபிதென்சியோவின் மகளிடம் போயிற்று. அன்றே கொம்பாத்ரே பேச்சை நிறுத்தினார். டொமினோ ஆடத் துணையின்றி ஓராண்டு வாடிய வீரன், "இம்முறை எல்லாப் பையும் ஒன்றுபோல் இருக்கும், இது என் மீசைமேல் ஆணை!" என்று முழங்கினான்.

"முழங்குனது போதும், சாப்பாட்டு மேசைய சீக்கிரம் காலி பண்ணுங்க," என்றாள் மனைவி ஒப்தூலியா.

பிள்ளைகள் இருபத்து நால்வர். மேசைக் களத்தில் கமலா ஆரஞ்சு எழுபத்திரண்டு, கரும்புத்துண்டு தொண்ணூற்றேழு, மிட்டாய் நூற்றிருபது அணிவகுத்து நிற்க, மீப்பெரு பொதுக்காரணி எனும் தெய்வாயுதத்தை ஏவினான். பெரியதைச் சிறியது வகுக்க, சிறியதை மீதி வகுக்க, இருபத்தைந்து சாய்ந்து, இருபத்திரண்டு வீழ்ந்து, மூன்றும் மண்ணைக் கவ்வ, புழுதி அடங்கியபோது களத்தில் நின்றது ஒன்று. அதாவது, மிச்சமின்றிக் கட்டினால் சந்துக்கே ஒரு பை.

திகைத்தான், வியர்த்தான், கவலையில் ஒரு கரும்புத்துண்டைத் தின்றான். ஆகா, தொண்ணூற்றாறு! மறுபடி வகுக்க, இருபத்து நான்கு எனும் பேரெண் வெற்றிக்கொடியோடு எழுந்தது. பைக்கு ஆரஞ்சு மூன்று, கரும்பு நான்கு, மிட்டாய் ஐந்து. தன் அறிவை எண்ணித் தானே கண்கலங்கினான்.

அந்நேரம் வாசலில் ஃபிதென்சியோ.

"என்ன கொம்பாத்ரே, ஒரு ஆரஞ்சுக்காக ஒரு வருஷமாவா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீங்க?"

தூக்கி வைத்திருந்தவர் அவரே. ஆயினும் நாயகன் நெஞ்சுருகித் தழுவினான். தழுவிய கொம்பாத்ரேயின் கை அவன் தோளைத் தாண்டி நீண்டு, ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தது.

"நல்லா இனிக்குது, கொம்பாத்ரே. உக்காருங்க, ஒரு ஆட்டம் போடலாம்."

எழுபத்தொன்று! எவ்வெண்ணுக்கும் தலைவணங்காத, எவராலும் வகுபடாத கொடிய எழுபத்தொன்று! கடைக்கு ஓடினால் காரணம் சொல்லவேண்டும். சொன்னால் இன்னோர் ஆண்டு மௌனம். விண்ணதிர, மண்ணதிர, மீசை துடிக்க, சமையலறை நோக்கிப் பாய்ந்து, கைக்கு எட்டிய உருண்டையான ஒன்றைக் கவர்ந்து, கடைசிப் பையுள் செலுத்தி முடிச்சிட்டான் அம்மாவீரன்.

எலுமிச்சம்பழம் இருந்த அந்தப் பை கொம்பாத்ரே மகளுக்கே போயிற்று.