சீமைப்பட்டு நனைந்த சந்தை

துணியைத் தொட்டுப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும் என்பவர்களை நான் நம்புவதில்லை. அப்படி நம்பித்தான் கொல்லிமலைச் சந்தையில் பாதி வேட்டியோடு நின்றேன்.

வெள்ளைக்காரன் காலம். சேலத்து ஜவுளிக்கடை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மரக்கூழில் செய்த செயற்கைப் பட்டு அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. முதலாளி அதற்குச் 'சீமைப்பட்டு' என்று பெயர் வைத்திருந்தார். மலைச் சந்தையில் விற்று வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குப் போய் அண்ணனின் எருமைகளை மேய்க்கலாம் என்று சொல்லி, ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டார்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறினேன். விளம்பரத்துக்காக நானும் ஒரு சீமைப்பட்டு வேட்டி கட்டியிருந்தேன். (மாப்பிள்ளை மாதிரி இருப்பதாக நினைப்பு.) அதன் வழுவழுப்புக்கு இடுப்பில் முடிச்சே நிற்கவில்லை. ஒரு கை மூட்டைக்கு, ஒரு கை வேட்டிக்கு.

சந்தையில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மிளகு விற்க வந்த வள்ளியக்கா துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"வெண்ணெயாட்ட இருக்குதுங்க. எங்க நூல் சேலை சாக்குத்துணியாட்ட உறுத்துது. இது மழைக்குத் தாங்குமுங்களா?"

"என்னங்கக்கா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? இடி விழுந்தாலும் தாங்கும்!"

இடி விழவில்லை. மழைதான் விழுந்தது.

அவர்களுடைய நூல் சேலைகள் நனைந்து இன்னும் உறுதியாயின. என் வேட்டியோ ஈரத் தோல் மாதிரி தொடையில் சில்லென்று ஒட்டிக்கொண்டது. மூட்டையைக் காப்பாற்ற ஓடினேன். பலாப்பழக் குவியலைத் தாண்டக் காலை அகட்டியதுதான் தாமதம், சர்ரென்று மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. பதறிப் பிடித்தேன், பிடித்த இடம் நனைந்த அப்பளம்போலக் கையோடு வந்தது. வேறு இடத்தைப் பிடித்தேன், அதுவும் வந்தது. கடைசியில் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். (முள்ளின் சுகத்தைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. பின்பக்கத்தை மறைக்க மூன்றாவது கையும் இல்லை.)

சந்தையே சிரித்தது. வேலை போயிற்று, மானம் போயிற்று, இனி எவன் எனக்குப் பெண் கொடுப்பான் என்று அழுதேவிட்டேன். மழையில் கண்ணீர் தெரியவில்லை. மீதி எல்லாம் தெரிந்தது.

வள்ளியக்கா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். "அழுவாத சாமி. பழத்தக் கீழ வெய்யி, நசுங்கிரும்."

கம்பளி கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடிவாரம் வரும்வரை உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் சொறிந்துகொண்டே இறங்கினேன். முதலாளி சொன்னபடியே எருமையும் மேய்த்தேன். பிற்பாடு பாத்திரக்கடை வைத்தேன். பித்தளை நனைந்தால் கிழியாது.

எப்படியோ பெண்ணும் கிடைத்தாள். ஆனால் கதை அவள் வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே போயிருந்தது. இன்றும் வானம் இருட்டினால் வாசலிலிருந்து அவள் குரல் வரும்:

"ஏனுங்க, மழை வருதுங்க! மொதல்ல கொடியில இருக்கற வேட்டிய உள்ள எடுக்கட்டுங்களா, உங்கள எடுக்கட்டுங்களா?"