இரண்டு பூனையும் ஒரு டப்பா பவுடரும்

நெட்டுக்குப்பம்,
12.7.2003

மரியாதைக்குரிய மச்சான் மனோகரன் அவர்களுக்கு எத்திராஜ் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் தங்கை பவுனம்மாளும் சுகம். சிங்கப்பூரில் தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சீக்கு வந்தது பூனைகளுக்குத்தான். அதுவும் இப்போது தேவலை.

வலைக் கொட்டகையில் எலி பிடிக்கும் சாம்பலுக்கும் செவலைக்கும் கண் ஒழுகி, மூக்கடைத்து, ஒரே தும்மல். அவை படுத்துவிட்டதால் எலிகள் புது வலையில் நாலு முழத்தைக் கடித்துப்போட்டன. பூனைச் சளிக்கென்று தாங்கள் அன்போடு அனுப்பிய லைசின் பவுடர் வந்ததும் இரண்டுக்கும் போடப் போனேன். கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியிலிருந்து சனிக்கிழமை வந்த நம் ரேகாதான் கையைப் பிடித்துவிட்டாள். "நைனா, இந்தக் கிருமி ஒடம்புலயே குந்திகினு இருக்கும், எப்பவும் போவாது. பவுடர் அத்த அடக்கும்னு இன்னும் யாரும் சரியா காட்டல. நாம பாத்துரலாம்" என்றாள். சாம்பலுக்கு மத்தி மீனில் பவுடர், செவலைக்கு வெறும் மத்தி, இரண்டுக்கும் ஒரே கண் சொட்டு மருந்து, தினமும் மீன் தராசில் எடை, எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. பக்கத்துக் கொட்டகை அம்புரோஸ் வந்து, பூனைக்கெல்லாம் நோட்டா என்று கேட்டான். "எம் பொண்ணு டாக்டருக்குப் படிச்சிகினு கீது. அது சொன்னா நோட்டும் போடுவேன், பென்சிலும் சீவுவேன்" என்றேன். போய்விட்டான். நான்காம் நாள் சாம்பல் மீனை மோந்துகூடப் பார்க்கவில்லை. செத்துவிடுமோ என்று எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள் காலையில் இரண்டும் ஒன்றாகக் கண்ணைத் திறந்து, ஒன்றாக எலி பிடிக்கப் போயின. ஆக, பவுடரால் ஒரு வித்தியாசமும் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான். அந்த நோட்டை ரேகா வகுப்பில் எழுந்து வாசித்தாளாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்தை எதிர்கால டாக்டர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆகவே இனிமேல் தாங்கள் பவுடருக்காக அலைய வேண்டாம்.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கடலம்மா எல்லோரையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
எத்திராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைப் பவுனம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எங்கண்ணன் அனுப்ச்சத ஒண்ணுக்குப் போட்டு, ஒண்ணு மூஞ்சப் பாத்துகினு இருக்க எனக்கு மனசு வர்ல" என்றாள். பன்னிரண்டு நாளும் செவலைக்கும் போட்டிருக்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே. ரேகாவுக்குப் போன் செய்து சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். திங்கட்கிழமை இதையும் வகுப்பில் எழுந்து சொல்லிவிடுவாளாம். அடுத்த தடவை கண் ஒழுகும்போது முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம். ஆகையால் தயவுசெய்து இன்னொரு டப்பா அனுப்பவும். விடுதி விலாசத்துக்கு அனுப்பவும். தங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்.