நைட்டியில் ஒரு அம்பு

கதவுக் கொக்கியில் தொங்கிய நதியாவின் நைட்டியைப் பார்த்ததும் பாண்டித்துரை பல் துலக்குவதை நிறுத்தினான். நெஞ்சுப் பக்கம், கொஞ்சம் இடதுபுறமாக, ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஸ்டிக்கர் ஒன்றும் புதிதில்லை. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. செக்கிங் டேபிளில் டேமேஜ் பீஸுக்கு அம்பு ஒட்டுகிறவள் நதியா. அதைப் பிரித்துத் தைக்கிற ஆல்ட்டர் டெய்லர் பாண்டித்துரை. சாத்தூரிலிருந்து வந்த நாள் முதல் அந்த அம்புதான் சோறு போடுகிறது. வேறு யாராக இருந்தாலும், கையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று பிய்த்துப் போட்டிருப்பார்கள்.

ஆனால் பாண்டித்துரை பேய்ப் படங்களில் பெண்களைப் பற்றி ஒளித்துவைத்திருக்கும் அர்த்தங்களைத் தோண்டியெடுத்து யூடியூப்பில் பேசுகிறவன். இருநூற்றுப் பதினேழு பேர் கேட்கிறார்கள். கிணறு என்றால் அடக்கிவைத்த குரல். விரித்த கூந்தல் என்றால் விடுதலை. கதவு தானாகத் திறந்தால் மாமியார் கொடுமை.

சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் ஒருமுறை டீ நேரத்தில் கேட்டார். "ஏனுங்க பாண்டித்துரை, படத்துல பேய் எதுக்குங்க வருது? நம்மளப் பயமுறுத்தத்தானுங்களே?"

"இல்லண்ணே. அது பேயில்ல, ஒரு பொம்பளையோட அழுகை."

"அழுகறதுன்னா நேரா அழுதுட்டுப் போலாமுங்களே. அதுக்கு எதுக்குங்க சீலிங்ல நடக்கோணும்?"

பாண்டித்துரை அவருக்காக மனதாரப் பரிதாபப்பட்டான்.

நைட்டி விஷயத்தில் அவன் அதிகம் யோசிக்கவில்லை. நெஞ்சில் அம்பு என்றால் அன்பு போதவில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலமே மல்லிகைப்பூ வாங்கி, அவளை ஒரு பேய்ப் படத்துக்கு அழைத்துப் போனான்.

இடைவேளையில் நதியா மெதுவாக, "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க" என்றாள்.

"இரு. அந்த ஊஞ்சல் தானா ஆடுச்சுல்ல, அதுக்கு என்ன அர்த்தம்னு மொதல்ல சொல்லு பாப்போம்."

"தெரியலயே."

"அதான் பிரச்சன" என்று ஆரம்பித்தவன், படம் மறுபடி தொடங்கும்வரை நிறுத்தவில்லை. பாப்கார்ன் பொட்டலம் அவள் மடியில் பிரிக்காமலே கிடந்தது.

மறுநாள் சுடிதாரில் அம்பு. அதே இடம்.

அன்பு இல்லையென்றால் அடக்கிவைத்த கோபம். கோபத்துக்குக் காரணம் அடுப்படி. இப்படி முடிவு கட்டியவன் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே சமைக்க இறங்கினான். பருப்பு குக்கர் விசில் வழியாகக் கிளம்பிச் சீலிங்கில் போய் அப்பியது. நதியா ஸ்டூல் மேல் ஏறிக் கையைத் தூக்கித் துடைத்தாள். பாதியில் முகத்தைச் சுளித்தபடி இறங்கி, சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"பருப்புக்கா அழுவுற?"

"இல்லங்க. எனக்கு இங்கன கொஞ்சம்..."

"புரியுது நதியா. எல்லாம் புரியுது." அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வேதனை. அவள் மேல் உயிரையே வைத்திருந்தான். வாயை மட்டும் கொஞ்சம் மூடிவைத்திருக்கலாம்.

மூன்றாவது அம்பு, போன பொங்கலுக்கு அவனே தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் இருந்தது. பாண்டித்துரை இடிந்துபோனான். அப்படியானால் இந்த வீடுதான் அவளுக்குப் பேய் வீடு. பேய் வீட்டிலிருந்து பெண் தப்பிக்க ஒரே வழி வாசல்தான். படத்துக்குப் படம் அவன் சொன்ன விளக்கம் அது.

"நதியா, ஒன்னைய இனிமே பிடிச்சு வைக்க மாட்டேன். எங்குட்டுப் போகணுமோ போ. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தனியாவா போகச் சொல்றீங்க?"

"தனியாத்தான் போகணும். அப்பத்தான் அது விடுதலை."

மறுநாள் விடிந்ததும் நதியா ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவன் கொடுத்த வாக்குப்படி ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது வீட்டில் ஒரு சத்தம் இல்லை. பேய்ப் படம் பார்த்து ஒருநாளும் பயப்படாதவனுக்கு அந்த ஒற்றை அறை பயமாக இருந்தது. அவள் திரும்பி வராவிட்டால் என்ன செய்வோம் என்று அப்போதுதான் தோன்றியது.

கம்பெனியில் தையல் ஓடவில்லை. சாப்பாட்டு பெல் அடித்ததும் செக்கிங் டேபிளுக்குப் போனான். தினமும் வேலையில் நதியாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சாமளாபுரத்து மருதாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். செல்போனில் எடுத்துவைத்திருந்த மூன்று அம்புப் படங்களையும் அவளிடம் காட்டினான்.

"மருதாக்கா, நதியா பையத் தூக்கிட்டுப் போயிட்டா. திரும்பி வருவாளா மாட்டாளா தெரியல. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியலக்கா."

புரியவில்லை என்று அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மருதாள் மூன்று படத்தையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு டிபன் பாக்ஸை மூடினாள்.

"தம்பி, பீஸ்ல இந்த அம்பு இருந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"அம்பு காட்டுற எடத்துல என்ன டேமேஜ்னு பாப்பேன். அதுக்கென்னக்கா?"

"அதே எடத்துல, மார்ல ஒரு கட்டி இருக்குதுங்க தம்பி, ரெண்டு மாசமாவே, சொல்ல வந்தப்பெல்லாம் நீங்க பேச உடலீங்களாமா, அதான் உங்களுக்குப் புரியற மாதிரி அம்பு ஒட்டிப் பாத்துட்டு, இன்னிக்குக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயிருக்குதுங்க."